மணல், ரோஜா இதழ், சுவர்க்கோழி: ஒரு தூக்க மந்திரத்துக்கு முன்கதை எழுதிய அனுபவம்

ஐந்தாம் லெவலுக்கு ஏறிய அன்று, எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேஜையில் மந்திரவாதியாக ஆடுபவர் பென்சிலை எடுத்துத் தன் தாளில் 'ஸ்லீப்' என்ற தூக்க மந்திரத்தின் வரி மேல் ஒரு கோடு போட்டார். "இனி இது எதுக்கு? அதான் ஃபயர்பால் வந்துடுச்சே" என்றார். ஃபயர்பால் ஒரு கூட்டத்தையே எரிக்கும் நெருப்புப் பந்து மந்திரம், அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் முதல் லெவலில் நாலு பேரின் உயிரையும் இரண்டு முறை காப்பாற்றிய மந்திரம் அது. அதை ஒரு பென்சில் கோட்டோடு அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று இரவே உட்கார்ந்து அதற்கு ஒரு முன்கதை எழுத ஆரம்பித்தேன். அடுத்த 14 செஷன்களில் அந்த முன்கதைக்கு என்ன ஆனது, எங்கே சறுக்கினேன், எதை மாற்றினேன் என்பதை இங்கே முழுதாகப் பதிவு செய்கிறேன்.

முதலில் விதி. நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014 பதிப்பு: ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. எங்கள் ஆட்டத்தை நடத்துவது நான். அதில் ஸ்லீப் ஒரு முதல் நிலை மந்திரம். 90 அடி தூரத்துக்குள் ஒரு புள்ளியைக் காட்டினால், அதைச் சுற்றி 20 அடிக்குள் இருப்பவர்கள் ஒரு நிமிடம் தூங்கிப்போவார்கள். எத்தனை பேர் என்பதைப் பகடை தீர்மானிக்கும். எட்டுமுகப் பகடை ஐந்தை உருட்டிக் கூட்டினால் வருவதுதான் அன்றைக்குக் கிடைத்த தூக்கத்தின் அளவு. குறைந்த ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) உள்ளவரிடமிருந்து ஆரம்பித்து அந்த அளவு தீரும்வரை ஒவ்வொருவராகச் சாய்வார்கள். யாராவது பிடித்து உலுக்கினாலோ, உடம்பில் அடி பட்டாலோ விழித்துவிடுவார்கள்.

ஐந்து பகடையின் சராசரி 22.5. கோப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கு 7 ஹிட் பாயின்ட், ஆக மூன்று கோப்ளின்கள் ஒரே வீச்சில் தரையில். முதல் லெவலில் இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. ஆனால் ஓகர் என்ற பெரிய அரக்கனுக்கு 59. ஐந்து பகடையிலும் எட்டே விழுந்தாலும் 40தான் வரும். அடிபடாத ஓகர் கொட்டாவிகூட விடாது. ஐந்தாம் லெவலில் மூன்றாம் நிலை ஸ்லாட்டை (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) செலவழித்தால் ஒன்பது பகடை, சராசரி 40.5. அதே ஸ்லாட்டில் ஃபயர்பால் போட்டால் ஆறுமுகப் பகடை எட்டை ஒரு கூட்டத்தின் தலைமேலேயே கொட்டலாம். எந்த ஆட்டக்காரரும் ஃபயர்பாலைத்தான் எடுப்பார்.

இந்த மந்திரத்தின் வயதையும் சொல்லிவிடுகிறேன். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை உருவாக்கி வெளியிட்ட முதல் பெட்டியில் முதல் நிலை மந்திரங்கள் மொத்தம் எட்டு. அந்த எட்டில் ஒன்று ஸ்லீப். குறி தவறாத மாய அம்பான மேஜிக் மிசைல்கூட அடுத்த ஆண்டுதான் வந்து சேர்ந்தது. அன்றைய மந்திரவாதி தன் முதல் சண்டையில் நெருப்பையோ அம்பையோ எறியவில்லை, எதிரிகளைத் தூங்கவைத்தான்.

பெயர் வைத்தால் முன்கதை ஆகிவிடாது

நான் முதலில் எழுதியது குப்பை. தூக்க மந்திரத்தைக் கண்டுபிடித்த ஒரு பெரிய மந்திரவாதி, அவருடைய கோபுரம், அவருக்கு ஒரு நீளமான பட்டப்பெயர். இரண்டு பக்கம் வந்தது. செஷன் ஆரம்பத்தில் வாசித்துக் காட்டினேன். நல்லா இருக்கு என்றார்கள். அப்புறம் ஆட்டம் முடியும்வரை யாரும் அதைத் தொடவில்லை.

ஏன் என்று யோசித்தபோது இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே விடை இருந்தது. மந்திரத்தை மனதில் ஏற்றி வைத்துக்கொள்வது, சொல்லி முடித்ததும் அது மனதை விட்டுப் போய்விடுவது என்ற முறையை கைகாக்ஸ் எடுத்தது ஜாக் வான்ஸ் 1950-ல் வெளியிட்ட கதைகளிலிருந்து. ஆளின் பெயரை மந்திரத்துக்கு வைக்கும் பழக்கமும் அங்கே உண்டு. கைகாக்ஸின் மேஜையில் அது நிஜ ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் வரை போனது. டென்சர் என்ற பெயர், அவர் மகன் எர்னஸ்ட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்து மாற்றிப் போட்டது. டிராமிஜ் என்பது ஜிம் வார்ட் என்பதைத் தலைகீழாக எழுதியது. அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு பெயரும் ஒரு நினைவு. அவர்களுக்கு முன்கதை எழுதித் தரவேண்டிய அவசியமே இல்லை.

2000-ல் திறந்த உரிமத்தில் விதிகளை வெளியிட்டபோது இந்தப் பெயர்களையெல்லாம் உருவிவிட்டார்கள். 'டென்சரின் மிதக்கும் தட்டு' வெறும் 'மிதக்கும் தட்டு' ஆனது. பெயர் போனதால் தட்டுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. 2014 விதியில் பெயரோடு படித்தாலும் பெயர் இல்லாமல் படித்தாலும் அதே மூன்றடி வட்டம், அதே 500 பவுண்டு சுமை. உருவினாலும் விதியில் ஒரு எண்கூட அசையாது என்றால் அது மந்திரத்தின் மேல் ஒட்டிய சீட்டு. என் இரண்டு பக்கக் கோபுரக் கதையும் அப்படி ஒரு சீட்டுதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் மந்திரம் போடத் தேவையான பொருள்களில் இருக்கிறது. ஃபயர்பாலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும். வௌவால் எச்சத்திலிருந்து எடுக்கும் வெடியுப்பும் கந்தகமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அந்த வரியில் வெடிமருந்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மின்னல் வீச்சுக்கு ஒரு துண்டு மிருக ரோமமும், அம்பர் அல்லது கண்ணாடிக் கோலும். ரோமத்தைக் கோலில் தேய்த்தால் பொறி பறக்கும். யாரோ ஒருவர் ஓர் அறையில் இதைத் தேய்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்ற கதை அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது.

ஆக, கதையை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது, விதியின் வாசகத்துக்குள்ளிருந்து தோண்டி எடுக்க வேண்டும். எழுதியபின் அது ஆட்டக்காரரின் ஒரு முடிவையாவது மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு திரும்பவும் ஆரம்பித்தேன்.

'அல்லது' என்ற சொல்

ஸ்லீப் மந்திரத்துக்குத் தேவையான பொருள்: ஒரு சிட்டிகை பொடிமணல், ரோஜா இதழ்கள், அல்லது ஒரு சுவர்க்கோழி. இரவெல்லாம் ஓயாமல் கத்துமே, அந்தப் பூச்சிதான். 1978 பதிப்பில் 'உயிருள்ள' சுவர்க்கோழி என்றே இருந்தது. எத்தனையோ வருஷமாக இந்த வரியைப் படித்திருக்கிறேன். அன்றுதான் அந்த 'அல்லது' கண்ணில் பட்டது. ஒரே மந்திரத்துக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பொருள்கள் எப்படி வரும்? மூன்று பேர் மூன்று காரணத்துக்காக, மூன்று வழியில் அதே இடத்துக்கு வந்திருந்தால் வரும்.

இன்னொரு நூலும் கிடைத்தது. ஒரு மந்திரத்தை வேறொருவரின் புத்தகத்திலிருந்து நகலெடுக்க, நிலைக்கு 2 மணி நேரமும் 50 பொற்காசும் செலவாகும். ஒவ்வொரு மந்திரவாதியும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறையில் எழுதுவதால் முதலில் அதைப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆக, இரண்டு மந்திரவாதிகளின் ஸ்லீப் எழுத்தில் ஒன்றில்லை என்பதை விதிப்புத்தகம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. மாற்று வடிவத்துக்கு நான் கதவை உடைக்க வேண்டியதில்லை, அது திறந்தே கிடந்தது.

மணல் வழியை அப்படியே விட்டேன். புத்தகத்தில் இருப்பதுதான் மணல். பாலைவனத்தில் வணிகக் கூட்டங்களுக்குக் காவல் போனவர்கள், கொள்ளையரைக் கொல்லாமல் ஒரு நிமிடம் படுக்கவைத்துவிட்டு ஒட்டகங்களை விரட்டிக்கொண்டு தப்ப உருவாக்கியது என்று இரண்டு வரி. உழைப்பு முழுவதையும் மற்ற இரண்டுக்கு வைத்துக்கொண்டேன்.

ரோஜா

அடி பட்டால் தூக்கம் கலையும் என்ற விதியிலிருந்துதான் ரோஜா வழி பிறந்தது. ஒரு போர்க்கள வைத்தியச்சி. அடிபட்டவர்களின் காலை அறுக்கும் முன் அவர்களைத் தூங்கவைக்கப் பார்க்கிறாள். மணல் மந்திரம் வேலை செய்கிறது, ஆனால் கத்தி தோலைத் தொட்டதும் எழுந்து கத்துகிறார்கள். இதை நான் கதையாகச் சொல்லவில்லை. மூன்றாவது செஷனில் பாழடைந்த ஒரு மருத்துவக் கூடத்தில் அவளுடைய குறிப்பேட்டின் ஒரு பக்கம் கிடைத்தது. அதை எழுதிக் கையில் கொடுத்தேன்:

"மணல். முழங்காலுக்குக் கீழே. முதல் கீறலில் விழித்தான். நாலு பேர் பிடித்தோம். மணல். தோள். விழித்தாள். மணல். சின்னப் பையன். விழித்தான். ஏழு பேர் ஆகிவிட்டது. இனி மணலைத் தொடமாட்டேன்."

அடுத்த வரியில் மை மாறியிருக்கும். பக்கத்தின் மடிப்பில் காய்ந்துபோன ஒரு இதழ். அவ்வளவுதான்.

மந்திரவாதியாக ஆடுபவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "இவள் இதழை வைத்து என்ன செய்தாள் என்று கண்டுபிடிக்க முடியுமா?" என்று அவரே கேட்டார். கோபுரக் கதையின்போது இப்படி ஒரு கேள்வி வரவேயில்லை.

கண்டுபிடித்த ரோஜா வழியின் விதி இது: தொட்டுத்தான் போட முடியும், ஒரே ஆளுக்கு, சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகும். ஹிட் பாயின்ட் கணக்கு கிடையாது. பத்து நிமிடம் தூக்கம். ஒரே அடியில் 10 புள்ளிக்கு மேல் போனால் மட்டுமே விழிப்பார். சண்டையில் பயன்படாது, சண்டை முடிந்தபின் பயன்படும். மூல மந்திரம் தெரிந்தவருக்கு நகலெடுக்கும் செலவு பாதி.

இங்கேதான் பெரிய சறுக்கல். ஆறாவது செஷனில் ஒரு குன்று ராட்சதன், 105 ஹிட் பாயின்ட். மந்திரம் எதுவும் இல்லாமல் அவனாகவே குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். மந்திரவாதி மெல்லப் போய், அவன் கால் கட்டைவிரலைத் தொட்டபடி ஒரு நிமிடம் ரோஜா மந்திரத்தை முணுமுணுத்தார். பிறகு குறுங்கத்தியை எடுத்தார். தூங்குகிறவன் மேல் விழும் குத்து தானாகவே இரட்டைப் பகடை. நாலுமுகப் பகடை இரண்டு, கூட 3 புள்ளி. சராசரி 8. எப்போதாவதுதான் 10-ஐத் தாண்டும். பத்து நிமிடம் என்பது நூறு ரவுண்டு (ஒரு ரவுண்டு ஆறு நொடி). ராட்சதன் சாகப் பதினாலு குத்து போதும்.

பதினொன்றாவது குத்தில் 11 விழுந்து அவன் விழித்தான். அதற்குள் பாதி உயிருக்கும் மேல் போய்விட்டது. எழுந்து நிற்கும் முன் மற்ற மூவரும் முடித்துவிட்டார்கள். விதி என்னுடையது, அவர்கள் செய்தது விதிப்படி சரி. அதனால் தடுக்கவில்லை. ஆனால் மேஜையில் ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. பதினோரு முறை பகடை உருட்டும் சத்தம் மட்டும்தான் கேட்டது. முடிந்ததும் அதைச் செய்தவரே, "அந்தம்மா இதுக்காகவா கண்டுபிடிச்சாங்க?" என்றார்.

நான் முதலில் யோசித்த தீர்வு எண்களில் இருந்தது. பத்தை ஐந்தாக்கலாமா, ஒரு அடிக்குப் பதிலாக மொத்தத்தைக் கணக்கிடலாமா என்று. ஆனால் அவர் கேட்ட அந்தக் கேள்வி என்னை வைத்தியச்சியிடமே திருப்பி அனுப்பியது. ஏழு பேரை அலறவிட்டவள், எட்டாவது ஆளைக் கேட்காமல் அறுத்திருப்பாளா? மாட்டாள். மந்திரத்தின் கடைசிச் சொல்லைத் தூங்கப்போகிறவர்தான் சொல்ல வேண்டும். 'சரி'. அதைச் சொல்லாவிட்டால் மந்திரம் இறங்காது. குறிப்பேட்டின் அடுத்த பக்கம் கிடைப்பதாக வைத்து, நகலில் விட்டுப்போன அந்தச் சொல்லைச் சேர்த்தோம். ஒரு எண்ணைக்கூட மாற்றாமல் ஓட்டை அடைபட்டது.

ஒன்பதாவது செஷனில் இதற்குப் பலன் வந்தது. அவர்களைத் துரத்திக்கொண்டிருந்த படைத்தலைவன், தோளில் சாபமேறிய அம்பு முனையோடு கையில் சிக்கினான். அதைத் தோண்டி எடுக்காவிட்டால் சாவான். எடுக்க வேண்டுமென்றால் அவன் தூங்க வேண்டும். தூங்க வேண்டுமென்றால், தன்னைக் கொல்லக் காரணம் உள்ள நாலு பேர் நடுவில் அவன் வாயாலேயே 'சரி' என்று சொல்ல வேண்டும். நாற்பது நிமிடம் பேசினார்கள். ஒரு பகடைகூட உருளவில்லை. கடைசியில் அவன் தன் வாளை எடுத்து, கூட்டத்திலேயே அவனை அதிகம் வெறுத்தவரின் கையில் கொடுத்துவிட்டு அந்தச் சொல்லைச் சொன்னான். நான் நடத்திய ஆட்டங்களில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அது.

சுவர்க்கோழி

இது ஒரு திருடனின் வழி. வாசகத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது 'உயிருள்ள' என்ற பழைய சொல்லை. பூச்சி உயிரோடு இருந்தால் அது கத்தும், ஒரு கட்டத்தில் கத்துவதை நிறுத்தவும் செய்யும். தூக்கத்தைத் தாங்குவது அந்தச் சத்தம்தான் என்று வைத்தேன். 30 அடிக்குள் சத்தம் காதில் விழுகிறவர்கள் மட்டும் சாய்வார்கள். ஐந்துக்குப் பதில் மூன்று பகடை, சராசரி 13.5. காது கேளாதவரை ஒன்றும் செய்யாது, எந்தச் சத்தமும் எழாத சைலன்ஸ் மந்திரத்துக்குள் பலிக்காது. ஆனால் ஒரு நிமிடக் கெடு கிடையாது. பூச்சி கத்தும்வரை தூங்குவார்கள்.

எப்போது நிறுத்தும்? ரவுண்டுக்கு ஒரு ஆறுமுகப் பகடை, 1 விழுந்தால் நிறுத்திவிடும் என்று ஆரம்பித்தேன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் செய்தது தப்பு. பத்து ரவுண்டு தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு 16 சதவீதம்தான். கெடு இல்லாத மந்திரம் என்று பெயர், நடைமுறையில் மணலைவிடக் குறைவாக நிற்கிறது. இருபதுமுகப் பகடைக்கு மாற்றினேன், அதே பத்து ரவுண்டுக்கு வாய்ப்பு 60 சதவீதத்தை ஒட்டி வந்தது. பயமும் இருக்கிறது, நம்பவும் முடிகிறது.

ஆனாலும் அந்தக் கொடுமையான ஆறுமுகப் பகடைதான் எங்களுக்கு ஒரு நல்ல இரவைத் தந்தது. காவலர் அறை, இரண்டு காவலர்கள் தூக்கத்தில். மந்திரவாதியின் கையில் துளை போட்ட மூங்கில் பெட்டி. திருடராக ஆடுபவர் சாவிக்கொத்தை ஒருவனின் இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். நாலாவது ரவுண்டில் 1 விழுந்தது. நான் எதுவும் சொல்லாமல் பகடையை மட்டும் காட்டினேன். யாரும் பேசவில்லை. திடீரென்று பாடகராக ஆடுபவர் வாயைக் குவித்து 'கிர்ர்ர்ர்... கிர்ர்ர்ர்...' என்று ஆரம்பித்துவிட்டார். பாத்திரமாக இல்லை, மேஜையில், நிஜமாகவே. பாடும் திறனுக்கு 15 இலக்கு வைத்தேன், அவருக்கு 17 விழுந்தது. சாவி அவிழ்ந்து, கதவு திறந்து, எல்லாரும் வெளியே போகும்வரை அவர் நிறுத்தவில்லை. சத்தம்தான் மந்திரத்தைத் தாங்குகிறது என்று கதை சொன்னதால்தான் அந்த யோசனையே அவருக்கு வந்தது.

எடுபடாதவை

இதே ஆர்வத்தில் ஃபயர்பாலையும் மேஜிக் மிசைலையும் தொட்டேன். ஃபயர்பாலுக்குப் பச்சை நிறம், ஒரு குலத்தின் கதை. இரண்டு செஷன் கழித்து யாருக்கும் நிறம் நினைவில்லை. 2020-ல் வந்த துணைநூல் ஒன்று மந்திரத்தின் தோற்றத்தை விருப்பம்போல் மாற்றலாம், பலனை மாற்றக் கூடாது என்று அறிவுரை சொல்கிறது. ஒரு பாத்திரத்துக்குத் தனி முகம் கொடுக்க அது நல்ல வழி. முன்கதையைத் தாங்க அது போதாது. மேஜிக் மிசைலில் வேறு சிக்கல். மூன்று அம்பு, குறி தவறாது, முடிந்தது. அந்த விதியில் கேள்வி கேட்க ஒரு இடுக்கும் எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்லீப்பில் 'அல்லது' இருந்தது, 'அடி பட்டால்' இருந்தது. எல்லா மந்திரத்திலும் இப்படி ஒரு தையல் இருப்பதில்லை, இல்லாததை நான் இப்போது விட்டுவிடுகிறேன்.

வேறு ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இத்தனை பாடு தேவையில்லாமலும் இருக்கலாம். 1987-ல் வந்த ஆர்ஸ் மேஜிக்காவில் ஐந்து வினைகளையும் பத்துப் பொருள்களையும் இணைத்து மந்திரத்தை அந்த நிமிடமே உருவாக்கலாம். அங்கே மாற்று வடிவம்தான் இயல்பு.

எதிரிகள் கையிலும் இந்த வழிகளைக் கொடுத்துப் பார்த்தேன். எதிராளி போடும் மந்திரத்தை அடையாளம் காண 2017-ல் ஒரு விருப்ப விதி வந்தது, 15-உடன் மந்திர நிலையைக் கூட்டினால் இலக்கு. ஸ்லீப்புக்கு 16. அதைத் தொட்டால் மந்திரத்தின் பெயர் தெரியும். 21-ஐத் தொட்டால் எந்த வழி, யாரிடம் கற்றது என்பதும் தெரியும் என்று சேர்த்தேன். பதினொன்றாவது செஷனில் ஒரு கூலிப்படைக்காரனிடமிருந்து ரோஜா வாசம் வந்தது. வைத்தியச்சியின் மாணவர்களில் யாரோ இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அப்படித்தான் தெரிந்தது. அவர்களைத் தேடிப் போனதுதான் அடுத்த மூன்று செஷன்.

இப்போது எங்கள் குழு 2024 பதிப்புக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அதில் ஸ்லீப் அடியோடு மாறிவிட்டது. ஹிட் பாயின்ட் கணக்கு போய், மந்திரத்தைத் தடுக்க எதிராளி தன் ஞானத்தை வைத்து உருட்டும் சேவிங் த்ரோ வந்திருக்கிறது. 20 அடி வட்டம் 5 அடியாகச் சுருங்கியிருக்கிறது. எங்கள் மூன்று வழிகளையும் புதிதாக எழுத வேண்டும். போன வாரம் மந்திரவாதியாக ஆடுபவர் புதிய புத்தகத்தைத் திறந்து பொருள் வரியைப் படித்தார்: ஒரு சிட்டிகை மணல் அல்லது ரோஜா இதழ்கள். மறுபடி ஒருமுறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சுவர்க்கோழி எங்கே போச்சு? யார் எடுத்தாங்க?"

அடுத்த கேம்பெயினை அங்கிருந்துதான் ஆரம்பிக்கப்போகிறோம்.